கொடுத்தவர் உயிரோடு இருக்கையில்

லிங்கநகர்,
திருகோணமலை.
12.01.1975

அன்புள்ள தம்பி குலசிங்கத்துக்கு அக்கா புஷ்பவதி எழுதுவது.

கோணேசர் புண்ணியத்தில் நானும் கமலாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அன்னலட்சுமியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். உன் வயிற்றெரிவு எப்படி? கடைச் சாப்பாட்டைக் குறை.

நல்ல செய்தி ஒன்று. கமலாதேவிக்குச் சம்பந்தம் சரிவந்திருக்கிறது. பெடியனின் பெயர் தவராசா, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருக்கிறார். அடக்கமான பிள்ளை. அவர்கள் கேட்பது ஒன்றுதான். இந்த வீடும் வளவும் கமலாவின் பெயருக்குச் சீதன உறுதியாக எழுதப்பட வேண்டும். நானும் அதைத்தானே நினைத்திருந்தேன்.

உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போனேன். காணி என் பெயரிலும் கமலாவின் அப்பா பெயரிலும் சரிபாதி.

“புருசன் எங்கை?” என்று கேட்டார்.

“சூறாவளியில போனவர் ஐயா.”

“அப்ப மரணப் பத்திரத்தைத் தாங்கோ.”

“பிரேதம் கிடைக்கேல்லை. பத்திரமும் எடுக்கேல்லை.”

அவர் பேனையை மூடி வைத்துவிட்டார். பத்து வருஷமாக நான் வெள்ளைச் சேலையோடு இருக்கிறேன். அந்தியேட்டி செய்தோம், வருஷா வருஷம் திவசம் கொடுக்கிறோம். ஆனாலும் அரசாங்கத்துக்கு அவர் இன்னும் சாகவில்லையாம். முதலில் உறுதிகளைப் பதிகிற காணிக் கந்தோரில் தேடுவித்து, இந்தக் காணியில் வேறு எழுத்து ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்த்து வரட்டாம். அதன்பின் அவர் செத்தவர் என்று தீர்ப்புக் கேட்டுக் கோட்டில் மனுப் போடலாமாம். நீ என்ன சொல்கிறாய்?

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அக்கா
புஷ்பவதி


வெள்ளவத்தை,
கொழும்பு.
25.01.1975

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். வயிற்றெரிவு பரவாயில்லை. கமலாவின் விஷயம் கேட்டு அன்னலட்சுமி அன்றைக்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

நொத்தாரிசு சொன்னபடி செய்யுங்கள். கந்தோரில் தேடுவித்தபின் கோட்டுக்குப் போகலாம். இங்கே வழக்குப் பேசுகிற ஒரு புரொக்டர் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார். இத்தனை வருஷம் காணாமற்போனவரைச் செத்தவர் என்று தீர்க்கலாம் என்கிறார். புகையிரதக் கந்தோரில் லீவு கேட்டு நானும் வருவேன்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்த மனிதர் செத்தும் உங்களை அலைக்கழிக்கிறார். அன்று வானம் அப்படி இருண்டு கிடந்தது. மூதூருக்கு நெல் மூட்டை ஏற்றப் போக வேண்டாம் என்று கரையில் எத்தனை பேர் மறித்தார்கள். கேட்டாரா? போனவர் தனியாகவாவது போனாரா? மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று எங்கள் தம்பி யோகனையும் அல்லவா வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். யோகலிங்கத்துக்கு அப்போது பதினெட்டு வயது. அவன் உடலாவது கரைக்கு வந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி
குலசிங்கம்


திருகோணமலை.
11.02.1975

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு சுகம் என்று எழுதிவிடுகிறேன். மற்றதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

நேற்றுக் காணிக் கந்தோருக்குப் போனேன். தேடிக் கொடுப்பவர் மஹ்ரூப் என்று கிண்ணியாப் பக்கத்து மனிதர். என் பழைய உறுதியைப் பார்த்து, உள்ளே போய், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு புத்தகத்தைக் கொண்டு வந்து வைத்தார். பக்கத்தைக் கண்டுபிடித்ததும் சொன்னார்:

“அக்கா, உங்கட பாதி அப்பிடியே இருக்கு. மற்றப் பாதி மகளிட பேருக்குப் போயிருக்கு.”

“மகளுக்கோ? இனித்தானே எழுதப் போறம்.”

“இல்லை, நன்கொடை உறுதி எண்டு கிடக்கு. கொடுத்தவர் கனகசுந்தரம். கமலாதேவி உங்கட மகள்தானே?”

“ஓம். எப்ப எழுதினது?”

“அறுபத்தொன்பது, ஆனி மாசம். புத்தளத்தில ஒரு நொத்தாரிசு எழுதியிருக்கிறார். காணி இஞ்ச இருக்கிறதால இஞ்ச பதிஞ்சிருக்கு.”

நான் சிரித்திருக்க வேண்டும். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “தம்பி, அது பிழை. அவர் அறுபத்துநாலில செத்தவர்” என்றேன்.

மஹ்ரூப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, பெயரில் விரலை வைத்தார். காணியின் நான்கு எல்லையும் சரி. கமலாவின் முழுப் பெயரும் சரி. பிறகு மெதுவாகத்தான் சொன்னார்:

“செத்தவர் உறுதி எழுதேலாது அக்கா.”

கதிரை ஒன்று கொண்டுவந்து போட்டார்கள். தண்ணீர் தந்தார்கள். அந்த உறுதியின் பிரதி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸுக்கு நிற்க மனமில்லை. துறைமுக வீதியால் நடந்தே வீட்டுக்கு வந்தேன். கமலா கேட்டாள், “என்னம்மா, சரி வந்ததோ?” ஓம் என்று சொன்னேன்.

தம்பி, அவர் சூறாவளிக்குப் பின் ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடு இருந்திருக்கிறார். இப்போது இருக்கிறாரோ தெரியாது. பிரதி வந்ததும் அதில் உள்ள விலாசத்தை அனுப்புகிறேன். நீ போய்ப் பார். அன்னலட்சுமிக்கும் சொல்லாதே.

அக்கா


கொழும்பு.
18.02.1975

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைக் கந்தோரில் வைத்து மூன்று தரம் வாசித்தேன். வேறு யாராவது அந்தப் பெயரில் கையெழுத்து வைத்திருக்கலாம் என்றும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் கள்ள உறுதி எழுதுகிறவன் காணியை உங்கள் மகளுக்கா கொடுப்பான்?

விலாசத்தை அனுப்புங்கள். போகிறேன். அந்த மனிதரைக் கண்டால் என்ன கேட்பேன் என்று எனக்கே தெரியாது. யோகனுக்குக் கொள்ளி வைத்தவன் நான்.

கமலாவுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தம்பி
குலசிங்கம்


திருகோணமலை.
30.03.1975

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. விலாசம் அனுப்பி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. வயிற்று வலி கூடிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பிரதியை நொத்தாரிசிடம் காட்டினேன். உறுதி சரியாம், ஆனால் ஒரு குறையாம். நன்கொடையை வாங்குகிறவர் ஏற்றுக்கொண்டதாக அதில் கையெழுத்து இல்லை.

“பிள்ளைக்கு இருபத்தொன்று ஆகேல்லை, அதால தாய் ஏற்கலாம்” என்றார். “ஆனால் கொடுத்தவர் உயிரோட இருக்கேக்க ஏற்கவேணும். அவர் இருக்கிறாரோ?”

“தெரியாது ஐயா.”

“விசாரியுங்கோ. அவர் செத்தபிறகு ஏற்றால் நாளைக்கு ஆரும் வழக்குப் போடலாம்.”

சட்டம் கிடக்கட்டும். ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பத்து வருஷம் மாவிடித்து, இடியப்பம் அவித்து அந்தப் பிள்ளையை வளர்த்தேன். அவர் இருந்த இடத்தில் இருந்துகொண்டு பாதி வளவை எழுதிவிட்டால் போதுமா? ஒரு தபாலட்டை போடக் கையில்லாமற் போனதா?

போன வெள்ளிக்கிழமை கோயிலில் குங்குமம் கொடுத்தார்கள். வழக்கம்போல ஐயர் என்னைத் தாண்டிப் போனார். எனக்குக் கை நீட்ட உரிமை இருக்கிறதா இல்லையா என்று அந்த இடத்தில் நின்று யோசித்தேன். பைத்தியம் பிடித்தவள் போல் இருந்தது.

எதுவானாலும் எழுது.

அக்கா


கொழும்பு.
16.04.1975

அன்புள்ள அக்காவுக்கு,

பிந்தியதற்கு மன்னிக்கவும். நாங்கள் சுகம். வருஷப் பிறப்பு அமைதியாகப் போயிற்று.

புத்தளத்துக்குப் போனேன். விலாசம் உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு குடில். பூட்டிக் கிடந்தது. அயலில் கேட்டேன். கனகசுந்தரம் என்று ஒருவர் இருக்கிறார்தானாம், உப்பளத்தில் காவல் வேலையாம், சில வேளை வேறு இடங்களுக்கும் போவாராம். அதிக நேரம் நிற்க முடியவில்லை, ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஆகவே அத்தான் உயிரோடு இருக்கிறார். நமக்கு அது தெரிந்தாற் போதும்.

அக்கா, நீங்கள் ஏற்புக் கையெழுத்தை வையுங்கள். மனம் வராவிட்டாலும் கமலாவுக்காக வையுங்கள். இந்த மாதமே வையுங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டாம், தள்ளிப்போட வேண்டாம். வைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அவரைத் தேடி யாரும் போக வேண்டியதில்லை. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் காரியம் கெடும்.

தம்பி
குலசிங்கம்


திருகோணமலை.
02.05.1975

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலமென்று நம்புகிறேன். இங்கே வெயில் கொளுத்துகிறது. கிணறு அடிக்குப் போய்விட்டது.

நீ சொன்னபடி கையெழுத்து வைத்துவிட்டேன். ஏன் அவசரம் என்று நான் கேட்கவில்லை. நொத்தாரிசு வாசித்தார்: “எனது கணவர் மனமுவந்து அளித்த நன்கொடையை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்.” நன்றியுடன் என்ற சொல் கட்டாயம் வேண்டுமா என்று கேட்டேன். எல்லா உறுதியிலும் அப்படித்தான் எழுதுவதாம். காணிக் கந்தோரில் மஹ்ரூப்தான் பதிவுக்கு வாங்கிக்கொண்டார். “அல்லாஹ் லேசாக்கி வைப்பான் அக்கா” என்றார்.

கல்யாணம் ஆவணியில். தாரை வார்க்க நீயும் அன்னலட்சுமியும் நிற்க வேண்டும்.

முன்னேஸ்வரம் கோயிலுக்கு ஒரு பழைய நேர்த்திக்கடன் கிடக்கிறது. கல்யாணத்துக்கு முன் அதைத் தீர்க்க வேண்டும். இந்த மாதக் கடைசியில் தனியாகப் போய் வரப்போகிறேன். கமலாவோடு சுபைதா வந்து படுப்பா. அடுத்த வீட்டில் அப்படி ஒரு மனுஷி இருப்பது என் பாக்கியம்.

அக்கா


கொழும்பு.
20.06.1975

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்துச் செய்தி கண்டு பெரிய ஆறுதல். ஏற்றுக்கொண்டதைத் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிவிப்பேன்.

முன்னேஸ்வரம் வரை வந்தவர் கொழும்புக்கும் வந்து போயிருக்கலாமே என்று அன்னலட்சுமிக்குக் கோபம். போன இடத்தில் களைப்பு ஒன்றும் இல்லையே? நேர்த்தி முடிந்தது என்று மட்டும் எழுதியிருந்தீர்கள்.

கூறைச்சேலை இங்கே எடுக்கிறேன். கல்யாணத்துக்கு நான்கு நாள் முந்தியே வந்துவிடுவோம்.

தம்பி
குலசிங்கம்


திருகோணமலை.
14.09.1975

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் சுகமாக வீடு போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. கமலாவும் தவராசாவும் இங்கேதான் இருக்கிறார்கள். மருமகன் காலையில் சைக்கிளில் கச்சேரிக்குப் போவதும், கமலா கேற்றில் நின்று பார்ப்பதும் பார்க்கச் சந்தோஷம்.

நீயும் அன்னலட்சுமியும் தாரை வார்த்ததை நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். தாலி கட்டும்போது சம்பந்தி அம்மா ஆள்விட்டுக் கூப்பிட்டா. நான் பந்தலுக்குள் வரவில்லை. சுபைதா என் பக்கத்திலேயே நின்றா. நீ தண்ணீரை ஊற்றும்போது ஒரு தரம் நிமிர்ந்து என்னைத் தேடினாய், கண்டேன். உன் முகம் சரியில்லை. போகும்போதும் நீ ஏதோ சொல்ல வந்து சொல்லாமற் போனாய்.

நேரத்துக்குச் சாப்பிடு. வேறு என்ன எழுத.

அக்கா


கொழும்பு.
22.11.1975

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

அத்தான் போய்விட்டார். போன ஞாயிற்றுக்கிழமை, புத்தளம் ஆஸ்பத்திரியில். நான் பக்கத்தில் இருந்தேன். கொள்ளியும் நானே வைத்தேன். சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டுத்தான் வந்தேன்.

நான் பங்குனியில் போனபோது குடில் பூட்டியிருக்கவில்லை அக்கா. அவர் உள்ளே சாக்குக் கட்டிலில் கிடந்தார். அடிக்கத்தான் போனேன். அவர் எழும்பி உட்காரப் பட்ட பாட்டைக் கண்டதும் கை வரவில்லை. நெஞ்சு இரண்டு பக்கமும் பழுதாம். டொக்டர் எனக்குத் தனியாகச் சொன்னார், இந்த வருஷம் தாண்டாது என்று.

“ஏன் ஒளிச்சனீங்கள்?” என்று கேட்டேன்.

“யோகனைக் கொண்டுபோய்க் கடலுக்குக் குடுத்திட்டு, நான் மட்டும் எப்பிடி வீட்டை வாறது?” என்றார்.

உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “அவ என்னை அழுது முடிச்சிட்டா. திரும்ப அழ வைக்காதை” என்றார். தெரிந்தால் நீங்கள் அவரை வீட்டுக்குக் கூட்டி வருவீர்கள், கல்யாணம் குழம்பும் என்று நானும் நினைத்தேன். கமலாவுக்காக நீங்கள் கையெழுத்து வைத்ததை ஆனியில் போய்ச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாதா மாதம் போய்ப் பார்த்து வந்தேன். கல்யாணத்தன்று அவர் உயிரோடுதான் இருந்தார். அவர் நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்று தாரை வார்த்தேன்.

உங்களிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை. எழுதுங்கள்.

தம்பி
குலசிங்கம்


திருகோணமலை.
19.12.1975

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். கமலாவும் நலம், மாசமாக இருக்கிறாள். நீ ஒன்றுக்கும் வருந்தாதே. கடைசி வரைக்கும் அவரைப் பார்த்தாயே, அது போதும்.

எனக்குத் தெரியும் தம்பி. நீ பொய் எழுதத் தெரியாதவன். அதுவரை அந்த மனிதர், அந்த மனிதர் என்று எழுதியவன், குடில் பூட்டியிருந்தது என்று சொன்ன கடிதத்தில் அத்தான் என்று எழுதியிருந்தாய். அவசரம் என்று வேறு எழுதினாய். கண்டுவிட்டாய் என்றும், அவருக்கு நாள் கிட்டிவிட்டது என்றும் விளங்கியது.

முன்னேஸ்வரம் போகிற பஸ் புத்தளத்தில் நிற்கும். நான் அங்கேயே இறங்கிவிட்டேன். நேர்த்தி தீர்க்கவில்லை.

குடில் வாசலில் நிழல் விழுந்ததும் “ஆர்?” என்றார். நான் உள்ளே போனேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இரும்” என்றார். சந்தைக்குப் போய் வந்தவளுக்குச் சொல்கிற மாதிரி. நெஞ்செலும்பு தெரிந்தது. தலை முழுக்க நரை. தெருவில் கண்டிருந்தால் எனக்கு அடையாளம் தெரிந்திராது.

நான் யோகனைப் பற்றித்தான் கேட்டேன்.

“வள்ளம் பிரண்டோடன பலகையில அவனைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான்” என்றார். “விடியப்பறம் எனக்குக் கை விறைச்சுப் போச்சு. அவன் போறதே தெரியேல்லை. கரையில அவனை முதல் கண்டதும் நான்தான். மேட்டில இழுத்து வளத்திப்போட்டு, கண்ணை மூடிவிட்டன். பிறகு நடந்தனான். எங்கை எண்டு யோசிக்கேல்லை. உம்மட முகத்தைப் பார்க்க ஏலாது, அவ்வளவுதான்.”

அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்தேன். தலையைத் தாங்கிப் பருக்கினேன். கமலாவுக்குக் கல்யாணம் என்று சொன்னேன். “ஆர் தாரை வாக்கிறது?” என்று கேட்டார். தம்பி என்றேன். “அதுதான் சரி” என்றார். நான் வந்ததை உனக்குச் சொல்ல வேண்டாம் என்றார். உன்னிடமும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வாங்கோ என்று சொல்லத்தான் நான் போனேன். யோகன் போனது உங்கட பிழை இல்லை என்றும் சொல்ல நினைத்தேன். பஸ்ஸில் போகும்போது முழுக்க அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அங்கே வாயில் வரவில்லை. யோகனை நினைத்தேன், கல்யாணத்தை நினைத்தேன், வெள்ளைச் சேலையோடு இருந்த வருஷங்களையும் நினைத்தேன். பின்னேரப் பஸ்ஸுக்கு எழும்பினேன். “போட்டு வாறன்” என்று சொன்னேன். ஓம் என்றார். இரண்டு பேருக்கும் தெரியும், நான் வரமாட்டேன் என்று. நான் ஏற்றதை நீ சொன்னபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பியதாக எழுதியிருக்கிறாய். அதை வாசித்துத்தான் எனக்குத் தாங்கவில்லை. அந்த இரண்டு சொல்லையும் சொல்லியிருக்கலாம் தம்பி. சொல்லியிருந்தால் அவர் வந்திருக்கவும் மாட்டார், எனக்கும் ஒரு நட்டமில்லை.

உன் கடிதம் வந்தபோது வீட்டில் கமலாவும் மருமகனும் இருந்தார்கள். குசினிக்குள் நின்று வாசித்தேன். ஊருக்கு அவர் சூறாவளியில் செத்தவர். கமலாவும் தன் சிறுவயதிலேயே அப்பாவை அழுது முடித்துவிட்டாள். இப்போது நான் அழுதால் யாருக்கு என்று சொல்வது? பிள்ளை பிறந்து அவள் தேறியபின் சொல்வேன். அது வரைக்கும் இல்லை.

கிணற்றடிக்குப் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. சேலையோடு நின்று தலைக்கு வார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சுபைதா கண்டுவிட்டா. “என்ன புஷ்பம், இந்த மழைக்குள்ள முழுகிறீங்க?”

“வெக்கையாக் கிடக்கு” என்றேன்.

அவ கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தா. பிறகு படலையைத் திறந்துகொண்டு நனைந்தபடியே வந்தா. என் கையிலிருந்த வாளியை வாங்கி, தானே அள்ளி, நான் போதும் என்று சொல்லும் வரைக்கும் என் தலையில் ஊற்றினா.

அன்னலட்சுமியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். மழைக் குளிர், நெஞ்சைப் போர்த்திக்கொள்.

அக்கா
புஷ்பவதி